மரங்கொத்தியின் நாக்கும் அழுங்கின் நாக்கும்

ஏற்காட்டுக்கு நீங்கள் அழைத்துச் சென்ற ஆறாம் வகுப்பு மாணவர்கள் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரமொன்றில் மரங்கொத்தியைப் பார்த்ததையும், குப்பனூர் வழியாக இறங்கும்போது தேநீர்க் கடையில் இருந்த பெரியவர் ஒருவர் தம் இளமையில் அழுங்கை, அதாவது செதில் போர்த்த எறும்புத்தின்னியை, பார்த்த கதையைச் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். அவ்விரண்டையும் சேர்த்து ஒரு மாணவி, "இரண்டுக்கும் நாக்கு நீளம், இரண்டும் எறும்பைத்தான் தின்கின்றன, அப்படியென்றால் இரண்டும் சொந்தமா? இரண்டில் எது கெட்டிக்காரப் பிராணி?" என்று கேட்டதாகவும், "பறவை வேறு, விலங்கு வேறு" என்று சொல்லி முடித்துவிட்டதாகவும் வருந்தியிருந்தீர்கள். நீங்கள் சொன்னது தவறன்று. ஆனால் அந்தப் பெண் கேட்டது விலங்கியல் அறிஞர்களையே நெடுங்காலம் குழப்பிய கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மாணவர்கள் பார்த்த பறவை எது என்பதை உறுதி செய்துகொள்வோம். முதுகு பொன் மஞ்சள், கொண்டை சிவப்பு, தொண்டை கருமை, அளவு மைனாவை விடச் சற்றுப் பெரிது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொன்முதுகு மரங்கொத்தி. சேலம் நகரத்துத் தென்னைகளிலிருந்து மலைமேல் உள்ள தோட்டங்கள் வரை எங்கும் காணப்படுவது. உடல் நீளம் 26 முதல் 29 செ.மீ., எடை ஏறக்குறைய 100 கிராம். குதிரை கனைப்பதைப் போன்ற குரலை எழுப்பிக்கொண்டு அலை அலையாகப் பறந்து வந்து ஒரு மரத்தின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாவித் தாவி மேலே ஏறும். ஆணுக்கு உச்சந்தலை முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கு நெற்றிப் பக்கம் கருமையில் வெண்புள்ளிகள், பின்கொண்டை மட்டும் சிவப்பு. மரத்தில் மட்டுமே மேயும் பறவை என்று எண்ண வேண்டாம். எறும்புச் சாரையைக் கண்டால் தரையிலும் இறங்கிக் கொத்தும். அந்த ஒரு பழக்கமே அதை அழுங்கின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அழுங்கைத்தான் நூல்களில் எறும்புத்தின்னி என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரால் ஒரு குழப்பம் உண்டு. தென் அமெரிக்காவில் மயிர் அடர்ந்த உடலும் பெரிய வாலும் கொண்ட எறும்புத்தின்னி என்று வேறொரு விலங்கு இருக்கிறது. பாடநூல் படங்களில் பெரும்பாலும் அதுதான் வருகிறது. நம்முடையது உடல் முழுவதும் செதில் போர்த்தது. ஆகவே அழுங்கு என்ற பெயரையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தலை முதல் வால் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், 10 முதல் 16 கிலோ எடை, 160 முதல் 200 வரை செதில்கள். தோலும் செதிலும் மட்டுமே உடல் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். பகலெல்லாம் வளைக்குள் உறங்கி, இரவில் தனியாக வெளியே வரும். நான் இந்த மலையில் முப்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். மரங்கொத்தியை நாள்தோறும் பார்க்கிறேன், அழுங்கை இரண்டே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அடிவாரத்துப் புதர்க்காட்டில், கோடை மழை பெய்து ஓய்ந்த இரவில். முன்கால் நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு அது நடந்த நடை இன்னும் கண்ணில் நிற்கிறது.

சொந்தம் உண்டா என்றால், மிகத் தொலைவான சொந்தம். பறவைகளின் வழியும் பாலூட்டிகளின் வழியும் 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பிரிந்தவை. மரங்கொத்திக்கு நெருங்கிய உறவு வேண்டுமென்றால், ஏற்காட்டில் நாள் முழுவதும் "குட்ரூ, குட்ரூ" என்று கூவிக்கொண்டிருக்கும் குக்குறுவானைக் காட்டலாம். அழுங்கின் உறவு வியப்பானது. பற்கள் இல்லாத காரணத்தால் பழைய விலங்கியலாளர்கள் அதைத் தென் அமெரிக்க எறும்புத்தின்னியோடும் தேவாங்கைப் போல மெதுவாக நகரும் ஸ்லாத்தோடும் ஒரே கூட்டத்தில் அடைத்து, பல்லிலிகள் என்று பெயரிட்டிருந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான், பூனை, நாய், கரடி முதலிய ஊனுண்ணிகளே அழுங்கின் நெருங்கிய உறவினர் என்பது தெளிவாயிற்று. நாக்கின் நீளத்தையும் பல் இல்லாமையையும் வைத்துச் சொந்தம் முடிவு செய்தவர்கள் ஒரு காலத்தில் ஏமாந்தார்கள். உங்கள் மாணவிக்கு வந்த ஐயம் அவர்களுக்கும் வந்ததே என்று அவளிடம் சொல்லுங்கள்.

சொந்தம் இல்லாதவை ஒன்றுபோல ஆவதற்குக் காரணம் தொழில். மண்வெட்டி செய்யும் கொல்லர் எந்த ஊரில் பிறந்தவராக இருந்தாலும் இலையை அகலமாகத்தான் அடிப்பார். மண் அதைத்தான் கேட்கிறது. குறுகிய துளைக்குள் கூட்டம் கூட்டமாக ஒளிந்திருக்கும் சிறு பூச்சியை உணவாகக் கொள்ளும் உயிருக்கு நீளமான, மெல்லிய, பசையுள்ள நாக்கு பயன்படுகிறது. ஆகவே தலைமுறை தலைமுறையாக அத்தகைய நாக்கு உள்ளவையே நன்றாகப் பிழைத்துப் பெருகுகின்றன. இதைக் குவி பரிணாமம் என்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, இரையிடமும் அதே கதை நடந்திருக்கிறது என்பதுதான். கரையானை வெள்ளெறும்பு என்று சொல்லி எறும்பின் தம்பியாக நினைக்கிறோம். உண்மையில் எறும்பு குளவியின் இனம். கரையான் கரப்பானின் இனம். ராணி, வேலையாள், காவலாள் என்று குடும்பம் நடத்தும் முறையை அவை தனித்தனியாகவே அடைந்தன. தம்முள் உறவில்லாத இரண்டு பூச்சிகள் ஒன்றுபோல வாழத் தொடங்கின. அவற்றைத் தின்பதற்காகத் தம்முள் உறவில்லாத ஒரு பறவையும் ஒரு பாலூட்டியும் ஒன்றுபோல நாக்கை நீட்டின.

ஆனால் "ஒன்றுபோல" என்பது வாய்க்கு வெளியே தெரியும் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். நாக்கு எங்கிருந்து புறப்படுகிறது, நீட்டாத போது அதை எங்கே சுருட்டி வைத்துக்கொள்கின்றன என்று பார்த்தால் இரண்டும் நேர் எதிரான வழிகளில் போயிருக்கின்றன. ஒன்று தலைக்கு மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறது. மற்றொன்று நெஞ்சுக்குள் இறக்கி வைத்திருக்கிறது.

மரங்கொத்தியை எடுத்துக்கொள்வோம். பறவையின் நாக்குக்குள் எலும்பு உண்டு. நம் தொண்டையில் நாக்கைத் தாங்கும் நாவடி எலும்பு சிறியது. மரங்கொத்திக்கு அந்த எலும்பின் பின்முனை இரண்டு மெல்லிய கொம்புகளாகப் பிரிந்து, தொண்டையின் இருபுறமும் சென்று, பிடரியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, உச்சந்தலை வழியாக முன்னே வந்து, மேல் அலகின் அடியில் மூக்குத் துளைக்கு அருகே முடிகிறது. அதாவது நாக்கின் வேர் மண்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நெற்றியில் இருக்கிறது. எலும்பு என்றாலும் வில்போல வளையக்கூடியது. அதன்மேல் உறைபோலச் சுற்றியுள்ள தசைகள் கீழ்த் தாடையில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. தசை சுருங்கும்போது கொம்புகள் மண்டையோட்டோடு ஒட்டி இழுபட்டு முன்னால் வழுக்கி வர, நாக்கு அலகுக்கு வெளியே பாய்கிறது. மிதிவண்டியின் பிரேக் கம்பி உறைக்குள் வழுக்கிச் செல்வதை மாணவர்களுக்குக் காட்டி விளக்கினால் உடனே புரிந்துகொள்வார்கள். நுனியில் பின்னோக்கிய நுண்முட்கள் இருக்கும். மரத்துக்குள் வாழும் புழுவைக் குத்தி இழுக்க அவை உதவும். எறும்பையே முதன்மையாக உண்ணும் மரங்கொத்தி இனங்களில் முள் குறைந்து, எச்சிலின் பசை மிகுந்திருக்கும். ஐரோப்பாவில் தரையில் எறும்பு தேடி வாழும் பச்சை மரங்கொத்திக்கு நாக்கின் நீளம் சுமார் 10 செ.மீ. என்று கணக்கிட்டிருக்கிறார்கள், ஒரு பறவைத் தலைக்குள் அத்தனை நீளத்தை வைக்க வேறு இடம் இல்லை என்பது அந்த எண்ணைக் கேட்டவுடனே விளங்கும்.

அழுங்கின் நாக்கில் எலும்பே இல்லை. அது தசையால் ஆன கயிறு. மற்றப் பெரும்பாலான பாலூட்டிகளில் நாக்கின் அடி நாவடி எலும்போடு பிணைந்திருக்கும். அழுங்கில் அந்தப் பிணைப்பு விடுபட்டு, நாக்கு தொண்டையைத் தாண்டி மார்புக் கூட்டுக்குள் இறங்குகிறது. நாக்கைப் பின்னிழுக்கும் தசைகள் மார்பெலும்பின் கடைசி முனையிலிருந்து தொடங்குகின்றன. அந்த முனையும் இதற்காகவே நீண்டு, வயிற்றுப் பக்கமாகப் போயிருக்கிறது. நீட்டாத போது நாக்கு ஓர் உறைக்குள் நெஞ்சில் கிடக்கும். வெளியே வரும் பகுதி ஏறக்குறைய ஒரு சாண் நீளம், தடிமனோ பென்சில் அளவுகூட இல்லை. எலும்பில்லாத நாக்கு எப்படி நீள்கிறது என்று மாணவர்கள் கேட்டால், பிசைந்த மாவை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டச் சொல்லுங்கள். குறுக்கே அழுத்தம் கூடக்கூட மாவு மெலிந்து நீளும். நாக்கின் தசைகளும் குறுக்கே இறுகி அதையேதான் செய்கின்றன. பசை எச்சிலைச் சுரக்கும் சுரப்பிகளும் கன்னத்தில் அடங்காமல் கழுத்து வரை பரந்திருக்கின்றன.

ஆகவே இரண்டில் எதன் நாக்கு நீளம் என்று மாணவர்கள் கேட்டால், அழுங்கு என்று ஒரே சொல்லில் விடை சொல்லலாம். ஆனால் 100 கிராம் பறவையோடு 12 கிலோ விலங்கை அப்படி நிறுத்துப் பார்ப்பது நியாயமாகத் தோன்றவில்லை. உறுதியான நுனி, வேகம், குத்தி இழுக்கும் வேலை ஆகியவை வேண்டிய இடத்தில் எலும்புள்ள நாக்கு பொருந்துகிறது. வளைந்து நெளிந்து செல்லும் புற்றுக் குகைகளுக்குள் வழி தேடிப் போக எலும்பில்லாத நாக்கு பொருந்துகிறது. மரத்துக்குள் புழு செய்த துளை சிறியது. புற்றுக்குள் இருப்பதோ ஓர் ஊர்.

இங்கே ஒரு தவறான செய்தியையும் திருத்திவிட வேண்டும், ஏனெனில் இது காணொளிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மண்டையைச் சுற்றியிருக்கும் நாவடி எலும்பு, கொத்தும்போது மூளைக்கு அதிர்ச்சி போகாமல் தாங்கும் மெத்தை என்பார்கள். மண்டையோட்டில் பஞ்சுபோன்ற எலும்பு இருப்பதும் அதற்காகவே என்பார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையில் நடந்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, மூன்று மரங்கொத்தி இனங்களை மிக வேகமான படக்கருவியால் படம் பிடித்து, அலகுக்கும் மூளையைக் காக்கும் ஓட்டுக்கும் இடையில் அதிர்ச்சி குறைவதே இல்லை என்று காட்டியது. அப்படிக் குறைந்தால் கொத்தும் வலிமையும் குறைந்துவிடும். சுத்தியலின் தலையில் மெத்தை கட்டி ஆணி அடிப்பதைப் போலாகிவிடும். மூளைக்குக் கேடு வராததற்கு அதன் சிறிய அளவே காரணம். மனித மூளை அளவுள்ள மூளைக்குக் கேடு தரும் அதிர்ச்சி, சில கிராம் எடையுள்ள மூளையை ஒன்றும் செய்வதில்லை. நாக்கு மண்டையைச் சுற்றியிருப்பது நாக்கின் நீளத்துக்காகத்தான்.

பல் இல்லாமை இரண்டுக்கும் பொது. மென்று கொண்டிருந்தால் எறும்பு வாய்க்குள் கடிக்கும், நேரமும் வீணாகும். ஆகவே இரண்டும் விழுங்கிவிட்டு, உள்ளே அரைத்துக்கொள்கின்றன. பறவைக்கு அரைவைப்பை உண்டு என்பது கோழியை அறுத்துப் பார்த்த எவருக்கும் தெரியும். அழுங்கின் இரைப்பையின் கடைப்பகுதியும் ஏறக்குறைய அப்படியே தசை தடித்து, உள்பக்கம் கொம்புபோலக் கடினமாகி, தின்னும்போது சேர்ந்து வரும் சிறு கற்களின் உதவியோடு எறும்புகளை அரைக்கிறது. பாலூட்டிக்குள் ஒரு கோழியின் அரைவைப்பை அமைந்திருக்கிறது என்றே சொல்லலாம். வகுப்பில் நாக்கைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

இரையும் சும்மா இருப்பதில்லை. முசுறுக் கூட்டைத் தெரியாமல் தொட்டவருக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். கடிக்கும் எறும்புகள் கண்ணிலும் மூக்கிலும் புகாமல் அழுங்கு தன் தடித்த இமைகளை மூடிக்கொள்ளும். மூக்குத் துளையையும் காதுத் துளையையும் தசையால் அடைத்துக்கொள்ளும். மரங்கொத்திக்கு மூக்கின்மேல் விறைத்த சிறு இறகுகள் மரத்தூள் போகாமல் காக்கின்றன; அலகு மரத்தில் படும் கணத்தில் கண்ணின் உள்ளிமை மூடிக்கொள்கிறது. ஒன்றுக்குத் தூசி, மற்றொன்றுக்குக் கடி. இதே உணவுக்குக் கரடி கண்டுபிடித்த வழி முற்றிலும் வேறு. கரடியூர் என்று நம் மலையில் ஓர் ஊரே இருக்கிறதல்லவா? நம் நாட்டுக் கரடிக்கு மேல்வரிசை முன்பற்களில் நடுவிலுள்ள இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகப் புற்றுக்குள் ஊதி மண்ணை விலக்கி, கரையானை உறிஞ்சி எடுத்துவிடும். நீள நாக்கு ஒன்றே வழியன்று என்பதற்கு அது சான்று.

உணவை அடையும் கருவியிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. மரங்கொத்திக்கு உளி போன்ற அலகு. அழுங்குக்கு முன்காலில் வளைந்த நீள நகங்கள். இரண்டின் வெளிப்புறமும் கெரட்டின் என்ற ஒரே வகைப் பொருளால் ஆனவை. நம் நகமும் முடியும் அதனாலேயே ஆனவை. வேலையில் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பவை. அதைவிட வால் எனக்கு வியப்பாக இருக்கிறது. மரங்கொத்தியின் வால் இறகுகள் மற்றப் பறவைகளுக்கு உள்ளதைப் போல மென்மையானவை அல்ல. தண்டு விறைத்து, நுனி கூராக இருக்கும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று அமைந்த விரல்களால் பட்டையைப் பற்றி, வாலை மரத்தில் ஊன்றி, முக்காலியில் சாய்ந்ததுபோல நின்று கொத்துகிறது. அழுங்கும் புற்றை முகர்ந்து பார்க்க நிமிரும்போது பின்னங்கால் இரண்டையும் தடித்த வாலையும் ஊன்றி முக்காலியாக நிற்கிறது. செங்குத்தான மரத்திலும் சமமான மண்ணிலும், முன்புறத்தால் வேலை செய்ய வேண்டிய உயிர் பின்புறத்தை முட்டுக் கொடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு ஒற்றுமையைச் சொன்ன பிறகு, அவை உணவைச் செலவழிக்கும் முறையில் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைச் சுற்றி இருக்கும். பறப்பதற்கும் கொத்துவதற்கும் அது ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பு. ஆகவே பகல் முழுவதும் மேய வேண்டும். எறும்போடு வண்டுப் புழு, பிற பூச்சி, சில வேளை பழம், பூந்தேன் என்று எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்கிறது. அழுங்கோ எறும்பையும் கரையானையும் தவிர வேறெதையும் ஏறக்குறையத் தொடுவதில்லை. எடைக்கு எடை பார்த்தால் அந்த உணவில் மண்ணும் ஓடும் மிகுதி, சத்துக் குறைவு. அதனால் உடலை மற்றப் பாலூட்டிகளைவிடக் குறைந்த வெப்பத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து, நீண்ட நேரம் வளைக்குள் உறங்கிச் சிக்கனமாக வாழ்கிறது. பிள்ளைப்பேற்றிலும் இச்சிக்கனம் தெரிகிறது. பொன்முதுகு மரங்கொத்தி பெரும்பாலும் மூன்று வெள்ளை முட்டைகள் இடும். 11 நாள் அளவில் குஞ்சு பொரித்து, 20 நாள் அளவில் கூட்டை விட்டுப் போய்விடும். அழுங்கு பெரும்பாலும் ஒரு பேற்றில் ஒரே குட்டி ஈனும். அந்தக் குட்டி தாயின் வாலடியில் குறுக்காகப் பற்றிக்கொண்டு ஊர் சுற்றும்; ஆபத்து வந்தால் தாய் குட்டியை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்ளும்.

அவை தோண்டும் துளைகளுக்கு வருவோம். மரங்கொத்தி பட்டுப்போன கிளையிலோ உள்ளே உளுத்த தண்டிலோ பொந்து குடைந்து ஒரு முறை குஞ்சு பொரித்துவிட்டுப் போகும். அழுங்கு இரை தேடத் தோண்டும் குழி ஆழமற்றது. குடியிருக்கத் தோண்டும் வளை இளகிய மண்ணில் 6 மீட்டர் வரைகூட உள்ளே போகும், பாறைக் கலப்புள்ள இடத்தில் மிகக் குறைவாகவே போகும். உள்ளே சென்றதும் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்வதும் உண்டு. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்ற பழமொழியை நாம் குறைகூறும் பொருளில் சொல்கிறோம். காட்டில் அது குறையன்று, நடைமுறை. மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தில் மைனாவும் கிளியும் குண்டுக்கரிச்சானும் சிறிய ஆந்தையும் குடியேறுகின்றன. இவற்றுள் எதற்கும் தானே மரத்தைக் குடையும் அலகு இல்லை. அழுங்கு விட்டுச் சென்ற வளையில் பாம்பும் உடும்பும் முள்ளம்பன்றியும் ஒதுங்குகின்றன. கெட்டியான மரத்தையும் இறுகிய செம்மண்ணையும் உடைக்கும் கருவி சில உயிர்களிடம் மட்டுமே இருக்கிறது. மற்றவை அவற்றின் பின்னால் வரிசையில் நிற்கின்றன. காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கழிக்கும்போது பட்ட மரத்தை ஒன்றுகூட விடாமல் வெட்டி எடுத்துவிட்டால், மரங்கொத்தி மட்டுமன்றி இந்த வரிசை முழுவதுமே இடம் இழக்கிறது. நான் அறிந்த தோட்டக்காரர் சிலரிடம், பாதைக்கும் ஆட்களுக்கும் ஆபத்தில்லாத இடத்தில் ஏக்கருக்கு ஓரிரு பட்ட மரங்களை நிற்க விடுங்கள் என்று சொல்லி வருகிறேன், சிலர் கேட்கிறார்கள்.

இரண்டில் எது கெட்டிக்காரப் பிராணி என்று அந்தப் பெண் கேட்டதற்கு நான் சொல்லக்கூடியது, எதிரியை எதிர்கொள்ளும் முறையில் மட்டும் இன்று ஒன்று பிழைக்கிறது, மற்றொன்று தோற்கிறது என்பதே. மரங்கொத்தி தண்டின் மறுபக்கம் நகர்ந்து ஒளிந்துகொள்ளும், இல்லையேல் பறந்துவிடும். அழுங்கு ஓடாது. செதில் வெளியே தெரியப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையின் பல்லுக்குக்கூட எளிதில் இடங்கொடாத பாதுகாப்பு அது. ஜெர்மனியில் மெஸ்ஸல் என்னும் இடத்தில் சுமார் 4.7 கோடி ஆண்டுக்கு முந்தைய அழுங்கு இனத்தின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன; அவ்வளவு பழமையான மரபு. ஆனால் மனிதனுக்கு முன் அந்தப் பாதுகாப்பே கேடாக முடிந்தது. ஓடாமல் சுருண்டு கிடக்கும் உயிரைப் பிடிக்க வலையோ துப்பாக்கியோ வேண்டியதில்லை. சாக்குப் பை போதும். செதிலுக்கு மருந்துக் குணம் உண்டு என்ற நம்பிக்கையால் ஆசியா முழுவதும் அழுங்குகள் கொல்லப்பட்டு வந்திருக்கின்றன. கெரட்டினைத் தவிர அதில் ஒன்றுமில்லை. நாம் வெட்டி எறியும் நகத்தில் இல்லாத மருந்து அதிலும் இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அழுங்கு இருக்கிறது. அதாவது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. அழுங்கு இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகத்தையும் தடை செய்யும் முடிவு 2016இல் எடுக்கப்பட்டு 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. சீனாவும் 2020இல் தன் மருந்து நூல் பட்டியலிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியது. ஓராண்டில் இழந்ததை அடுத்த ஆண்டே ஈடுசெய்ய மரங்கொத்தியால் முடியும். ஒரே குட்டி ஈனும் அழுங்கால் முடியாது. தேநீர்க் கடைப் பெரியவர் தம் இளமையில் பார்த்ததாகச் சொன்னாரே தவிர, போன மாதம் பார்த்ததாகச் சொல்லவில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அவர் சொன்ன இடத்தை மாணவர்கள் யாரிடமும் சொல்லிப் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கேனும் அழுங்கையோ அதன் வளையையோ கண்டால் வனத்துறைக்கு மட்டும் தெரிவியுங்கள். படம் எடுத்து ஊர் பெயரோடு பகிர வேண்டாம்.

அடுத்த முறை மலைக்கு வரும்போது மாணவர்கள் இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வாருங்கள். மரங்கொத்தி பொந்து குடையும் காலம் அது. அண்ணாந்து பார்த்துத் தேடுவதைவிடக் கீழே குனிந்து தேடுவது எளிது. பட்ட மரத்தின் அடியில் உலர்ந்த இலைகளின் மேல் புதிதாக விழுந்த வெளிறிய மரச் சில்லுகள் சிதறிக் கிடந்தால், அந்த மரத்தை விட்டு இருபது அடி தள்ளி, பேசாமல் கால் மணி நேரம் உட்காரச் செய்யுங்கள். பொந்து வாயிலிலிருந்து முதலில் அலகு தெரியும். அதன் பின் அது வாய் நிறைய மரத்தூளை வெளியே உதறும்.